புலிக்கு எத்தனை மார்க்?

உலகின் பெரிய பலகை விளையாட்டு விருதுக்குக் காவிரி டெல்டாவிலிருந்து நான்கு பரிந்துரைகள். முன்னோர் பெருமைக்குச் சலுகை இல்லாத ஒரு தீர்ப்பு.

ஒவ்வொரு வருடமும் மே மாதவாக்கில் ஜெர்மனியில் ஒரு பட்டியல் வெளியாகும். அதில் மூன்று பெயர்கள்தான் இருக்கும். மூன்றும் புதிதாக வந்த பலகை விளையாட்டுகள் அல்லது சீட்டு விளையாட்டுகள். ஜூலையில் அவற்றில் ஒன்று 'ஷ்பீல் டெஸ் யாரெஸ்' விருதை வாங்கும். 'ஆண்டின் சிறந்த விளையாட்டு' என்று அர்த்தம். பரிசுப் பணம் கிடையாது. ஜெயித்த டப்பாவின் மேல் சிவப்பு நிறக் காய் ஒன்றின் படத்தை அச்சிட்டுக்கொள்ளலாம். அதற்கும் கம்பெனிதான் கட்டணம் கட்ட வேண்டும். ஆனாலும் அந்தச் சிவப்புக் காய் ஏறிவிட்டால் விற்பனை லட்சக்கணக்கில் போகும். 1979-ல் முதல் விருதை வாங்கியது டேவிட் பார்லட் என்ற ஆங்கிலேயர் உருவாக்கிய 'முயலும் ஆமையும்'. 1995-ல் 'கேட்டன்' வாங்கியது. அதற்குப் பிறகு உலகம் முழுக்கப் பெரியவர்களும் பலகை முன்னால் உட்கார ஆரம்பித்தார்கள்.

இந்த விருதில் எனக்குப் பிடித்த விஷயம் நடுவர்கள்தான். விளையாட்டு செய்கிறவர்களுக்கும் விற்கிறவர்களுக்கும் அங்கே இடம் கிடையாது. எல்லோரும் விமர்சகர்கள். சினிமாவுக்கு விமர்சனம் எழுதுவதுபோல விளையாட்டுக்கு விமர்சனம் எழுதுவதே அவர்கள் வேலை.

2025 பட்டியலையே பார்ப்போம். 'பாம் பஸ்டர்ஸ்', 'ஃப்ளிப் 7', 'கிராக்கெல் ஓராக்கெல்' என்று மூன்று பெயர்கள். கிறுக்கல் கோடுகளுக்குள் ஒளிந்திருக்கும் படத்தை வரைந்து காட்டுகிற 'கிராக்கெல் ஓராக்கெல்' விருந்தாளி வந்த ஒரு சாயங்காலத்துக்குப் போதும். மறுவாரம் எடுக்கத் தோன்றாது. 'ஃப்ளிப் 7' சீட்டுக் கட்டில் 12 என்ற எண் 12 சீட்டில் இருக்கும், 11 என்ற எண் 11 சீட்டில். இப்படியே இறங்கி 1 ஒரே ஒரு சீட்டில். ஒவ்வொன்றாகத் திருப்பிக்கொண்டே போகலாம். கையில் உள்ள எண்ணே மறுபடி வந்தால் அந்தச் சுற்று போச்சு. நிறுத்தவா, இன்னும் ஒன்று கேட்கவா என்கிற ஆசைதான் மொத்த ஆட்டமும். ஆசை நிஜம், ஆழம் குறைவு. 'பாம் பஸ்டர்ஸ்' வேறு ரகம். எல்லோரும் ஒரே அணி. அவரவர் கம்பிகளின் எண் அவரவருக்கு மட்டும் தெரியும். எதிரே உள்ளவரிடம் அதே எண் எங்கே இருக்கிறது என்று ஊகித்து ஜோடி ஜோடியாக வெட்டி, வெடிகுண்டைச் செயலிழக்கச் செய்ய வேண்டும். விருது அதற்குத்தான் போனது. என் ஓட்டும் அதற்குத்தான்.

இப்படி மூன்று விளையாட்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து 'இது தேறும், இது தேறாது' என்று நம் ஊர் ஆட்டங்களைப் பற்றி யாராவது எழுதிப் படித்திருக்கிறீர்களா?

பாராட்டு என்னும் பரண்

சதுரங்கத்தையும் கேரத்தையும் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. இரண்டுக்கும் சங்கம் உண்டு, சாம்பியன் உண்டு. சென்னையின் மரிய இருதயம் கேரத்துக்காக 1996-ல் அர்ஜுனா விருது வாங்கினார். 2022-ல் மாமல்லபுரத்தில் 44-வது செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது, நீடாமங்கலம் பக்கத்துப் பூவனூர் கோயிலே செய்தியானது. இளவரசியோடு சதுரங்கம் ஆடி ஜெயித்து அவளை மணந்ததாகத் தலபுராணம் சொல்லும் சதுரங்க வல்லபநாதர் அங்கே குடியிருக்கிறார். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷ் 18 வயதில் உலக சாம்பியன் ஆனார். இவர்களுக்கு நம் பரிந்துரை தேவையில்லை.

மற்ற ஆட்டங்களின் கதைதான் வேறு. தாயம், பல்லாங்குழி, ஆடுபுலி, பரமபதம் என்று பேச்செடுத்தால் உடனே பாராட்டு மழை. மூளைக்கு நல்லது, கணக்கு வரும், விரலுக்குப் பயிற்சி, முன்னோர்கள் ஒன்றும் முட்டாள்கள் இல்லை. மருந்துச் சீட்டு மாதிரியே பேசுகிறோம். ஆட்டம் நன்றாக இருக்கிறதா என்ற ஒரு கேள்வி மட்டும் வருவதில்லை. இந்தப் பாராட்டுதான் இவற்றைப் பரணில் ஏற்றிவிட்டது என்பது என் கட்சி. ஒரு பொருளைக் குறை சொல்லவே கூடாது என்றால், அதை யாரும் எடுத்துப் புழங்கப் போவதில்லை என்று அர்த்தம்.

ஜெர்மன் நடுவர்கள் நான்கு கேள்வி வைத்திருக்கிறார்கள். ஆட்டத்தின் கருத்து புதிதா, திரும்ப ஆடத் தூண்டுகிறதா? விதிகள் தெளிவா? பலகையும் காயும் ஆட்டத்துக்கு ஒத்துழைக்கின்றனவா? கண்ணுக்கும் கைக்கும் வேலைப்பாடு எப்படி? புதிதாக வந்த விளையாட்டுகளை மட்டும்தான் எடுப்பார்கள். அந்த நிபந்தனையை மட்டும் தள்ளுபடி செய்துவிட்டு, இந்த நான்கு கேள்வியையும் காவிரிக் கரைக்குக் கொண்டுவருவோம்.

இந்த மண்ணுக்கென்று ஒரு விளையாட்டுக் காலண்டர் இருந்தது என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வழக்கப்படி மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடும். குறுவை, சம்பா, தாளடி என்று வயல் ஆளை விடாது. சம்பா அறுவடை முடிந்து, ஆறு மணலாகிக் கிடக்கும் மாசி தொடங்கி வைகாசி வரைக்கும் திண்ணைக்கும் கோயில் மண்டபத்துக்கும் ஆள் உண்டு. நீண்ட மத்தியானங்களில் செங்கல் துண்டாலோ கரிக்கட்டையாலோ கோடு கிழித்தால் ஆட்டம் தயார். நெருக்கடியான போட்டி கேட்காத, அவசரமே இல்லாத பொழுதுக்கு உருவான ஆட்டங்கள் இவை. அந்தப் பொழுது சுருங்கிவிட்ட இந்தக் காலத்தில் எது தாக்குப்பிடிக்கும் என்பதுதான் பரீட்சை.

பரிந்துரை 1: பரமபதம்

வைகுண்ட ஏகாதசி ராத்திரி கண்விழிக்க நம் வீடுகளில் விரிக்கும் படம். ஏணி ஏறினால் புண்ணியம், பாம்பு கடித்தால் பாவம், உச்சியில் வைகுண்டம். அழகைப் பொறுத்தவரை நான்கில் முதல் இடம் இதற்குத்தான். சாமி படங்களும், கட்டத்துக்குக் கட்டம் வளைந்து இறங்கும் பாம்புகளுமாக, காகிதத்தில் அச்சடித்த மலிவுப் பதிப்பைக்கூடச் சுவரில் மாட்டலாம். இந்தியாவில் பல வடிவங்களில் இருந்த இந்த ஆட்டம் 19-ம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்துக் கடைகளில் ஏறியது. பாவ புண்ணியம் உதிர்ந்து வெறும் பாம்பும் ஏணியும் மிஞ்சியது.

ஆனால் ஆட்டமாக எடை போட்டால்? ஆடுகிறவர் எடுக்க வேண்டிய முடிவு என்று ஆரம்பத்திலிருந்து கடைசிவரை ஒன்றுகூட இல்லை. கட்டையை உருட்டு, விழுந்த எண்ணுக்கு நகர்த்து. உங்களுக்குப் பதிலாகப் பக்கத்து வீட்டுக் குழந்தை உருட்டினாலும் முடிவு மாறாது. கருத்து அதுதானே, மனிதன் கையில் எதுவும் இல்லை என்பதைத்தானே சொல்கிறது என்பார்கள். சரி, அது தத்துவம். அப்படிப் பார்த்தாலும் உள்ளே ஒரு முரண் இருக்கிறது. புண்ணியம் செய்தவன் ஏறுவான் என்று படம் சொல்கிறது. கட்டை நன்றாக விழுந்தவன் ஏறுகிறான். நல்லது செய்வதா வேண்டாமா என்று தேர்ந்தெடுக்க ஓர் இடமாவது இருந்திருந்தால் இது மகத்தான ஆட்டமாகியிருக்கும்.

குழந்தைகளுக்கான விருது என்று ஜெர்மனியில் தனியாக ஒன்று உண்டு. எண்ணப் பழகும் வயதுக்கு, பாம்பு கடித்தாலும் அழாமல் மறுபடி ஏறப் பழகும் வயதுக்கு, அந்தப் பட்டியலில் பரமபதத்தைச் சேர்க்கலாம். முதல் பட்டியலில் இடம் இல்லை.

மார்க்: 10-க்கு 4. நான்கில் இரண்டு, அந்தப் படத்தை வரைந்தவர்களுக்கு.

பரிந்துரை 2: தாயம்

பொருள் செலவு என்று பார்த்தால் உலகத்தில் எந்த ஆட்டமும் தாயத்திடம் ஜெயிக்க முடியாது. தரையில் 5-க்கு 5 அல்லது 7-க்கு 7 கட்டம். காய்க்கு உடைந்த வளையல், கல், குச்சி, கிடைத்தது எதுவும். பித்தளைத் தாயக்கட்டை இல்லாவிட்டால் புளியங்கொட்டையைத் தரையில் தேய்த்து ஒரு பக்கத்தை வெள்ளையாக்கினால் போதும். மூன்றாவது கேள்விக்கு முழு மார்க்.

தாயத்தின் உயிர் வெட்டில் இருக்கிறது. பெருக்கல் குறி போட்ட கட்டத்தில் நிற்கும் காயைத் தொட முடியாது. வெளியே நிற்கும் காய்க்கு எந்த நேரமும் ஆபத்து. ஒருவரை வெட்டினால்தான் உள்சுற்றுக்குள் நுழையலாம் என்று பல வீடுகளில் ஒரு விதி உண்டு. அற்புதமான விதி. ஒதுங்கி ஒதுங்கிப் பத்திரமாகச் சுற்றி வருகிறவரைக்கூட அது சண்டைக்கு இழுத்துவிடும். எந்தக் காயை நகர்த்துவது, பழமாகப் போகிற காயை முடிப்பதா, பின்னால் மாட்டிக்கொண்ட காயைக் காப்பாற்றுவதா என்று ஒவ்வொரு வீச்சிலும் ஒரு முடிவு இருக்கிறது. வட இந்தியப் பச்சீசி 1896-ல் இங்கிலாந்தில் 'லூடோ' என்று காப்புரிமை பெற்றது. இன்று செல்போனில் லூடோ ஆடுகிறவர்கள் ஆடுவது தாயத்தின் ஒன்றுவிட்ட தம்பியைத்தான். அண்ணனுக்குத்தான் புத்தி அதிகம்.

குறை எங்கே? ஆரம்பத்தில். தாயம், அதாவது ஒன்று விழுந்தால்தான் காய் இறங்கும். கட்டைக்கு 0, 1, 2, 3 என்று நான்கு முகம். இரண்டு கட்டைக்கு 16 விதமான விழுகை. அதில் ஒன்று வருவது இரண்டே விதத்தில். அதாவது எட்டு வீச்சுக்கு ஒரு முறை. நாலு பேர் ஆடினால், ஒருவர் கையில் கட்டை திரும்பத் திரும்ப வந்து போய்க்கொண்டிருக்க, காய் வெளியிலேயே கிடப்பது சர்வ சாதாரணம். மற்ற மூவர் ஒரு சுற்று முடித்திருப்பார்கள். இவர் இன்னும் வாசலில் நிற்பார். எந்த நடுவர் குழுவும் இதை மன்னிக்காது.

விசேஷம் என்னவென்றால், இதற்கு வைத்தியமும் நம் வீட்டிலேயே இருக்கிறது. கட்டைக்குப் பதில் நான்கு புளியங்கொட்டை போட்டால், இரண்டு பக்கமும் சமமாக விழும் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். ஒன்று மட்டும் வெள்ளையாக விழும் வாய்ப்பு நான்குக்கு ஒன்று. அதுவே ஆறு சோழியானால் ஏறக்குறைய பதினொன்றுக்கு ஒன்று. கட்டை, கொட்டை, சோழி மூன்றும் ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். மூன்றும் மூன்று வேகத்தில் ஓடும் மூன்று ஆட்டங்கள். பொறுமை குறைந்த இந்தக் காலத்துக்கு நான் கொட்டைக் கட்சி.

மார்க்: கட்டைக்கு 6, கொட்டைக்கு 7.

பரிந்துரை 3: பல்லாங்குழி

இப்போது கனமான ஆளிடம் வருகிறோம். ஏழேழாக இரண்டு வரிசை, 14 குழி. குழிக்கு ஐந்து காய் வீதம் 70. காய்க்குச் சோழி, புளியங்கொட்டை, குன்றிமணி, மஞ்சாடி. தன் பக்கத்துக் குழி ஒன்றை அள்ளி, அடுத்தடுத்த குழிக்கு ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு போக வேண்டும். கை காலியானதும் அடுத்த குழியை அள்ளித் தொடரலாம். அடுத்த குழி வெறுமையாக இருந்தால் அதைத் துடைத்துவிட்டு, அதற்கு அடுத்த குழியில் இருப்பதை எடுத்துக்கொள்ளலாம். ஆட்டத்துக்கு நடுவே எந்தக் குழியிலாவது நான்கு சேர்ந்தால் அது பசு. குழிக்குச் சொந்தக்காரர் எடுத்துக்கொள்வார்.

அதிர்ஷ்டத்துக்கு இதில் அணுவளவும் இடமில்லை. எல்லாம் கண்ணெதிரே திறந்து கிடக்கிறது. ஆனாலும் ஓர் அள்ளு எங்கே போய் முடியும் என்று சொல்ல முடியாது. இரண்டு சுற்று, மூன்று சுற்று ஓடிவிடும். பழகிய பாட்டிமார்கள் அள்ளுவதற்கு முன்பே கண்ணாலேயே ஓட்டிப் பார்த்துவிடுவார்கள். விரலால் கிண்டி எண்ணக் கூடாது என்று கண்டிப்பும் செய்வார்கள். வெளியே எளிமை, உள்ளே ஆழம். விளையாட்டு வடிவமைப்பவர்கள் தவமிருந்து தேடுவது இதைத்தான். ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் பரவிக் கிடக்கும் இந்தக் குழி ஆட்டக் குடும்பத்தின் விதைப்பு முறையை இன்றைய ஐரோப்பிய வடிவமைப்பாளர்கள் எடுத்தாளுகிறார்கள். ஸ்டெஃபான் ஃபெல்டின் 'ட்ராஜன்' (2011), ப்ருனோ கதாலாவின் 'ஃபைவ் ட்ரைப்ஸ்' (2014) இரண்டுக்கும் இதயம் இதுதான்.

தனியாளாக ஆடும் வசதியும் உண்டு. அசோகவனத்தில் சீதை ஆடியதாகச் சொல்லப்படும் சீதைப் பாண்டி என்று ஒன்று. ஏழு குழியில் 7, 6, 5 என்று இறங்கி 1 வரை காய் போட்டு, வட்டமாக ஓட்டிப் பாருங்கள். ஏழை அள்ளி ஒவ்வொன்றாகப் போட்டால், இரண்டாம் குழியின் 6 ஏழாகும், மூன்றாம் குழியின் 5 ஆறாகும். கடைசிக் காய் காலியான முதல் குழியிலேயே வந்து விழும். அதே வரிசை, ஒரு குழி தள்ளி. ஏழு முறை அள்ளினால் தொடங்கிய இடத்துக்கே வரும். முடிவே இல்லாத ஓர் ஆட்டத்தைக் காத்திருப்பவள் ஒருத்தியின் கையில் கொடுத்தவர் யாரோ, அவருக்குக் கதையும் தெரியும், கணக்கும் தெரியும்.

இனி குறை. முதல் ஆட்டம் முடிந்து ஒருவரிடம் 40, இன்னொருவரிடம் 30 காய் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த ஆட்டத்தில் 30 வைத்திருப்பவரால் ஆறு குழியைத்தான் நிரப்ப முடியும். ஏழாவது குழி மூடல். ஜெயித்தவர் ஏழையும் நிரப்பி, ஐந்தைக் கையிருப்பில் வைத்துக்கொள்வார். குழி குறைந்தவருக்கு வழியும் குறைவு, மேலும் தோற்பார். இருப்பவனுக்கே சேரும், இல்லாதவன் மேலும் இழப்பான். இன்றைய விமர்சகர்கள் ஒரு விளையாட்டை நிராகரிக்க இந்த ஒரு காரணம் போதும். முடிவு பாதியிலேயே தெரிந்த பிறகு, தோற்கப் போகிறவரைக் கடைசிவரை உட்கார வைப்பது கொடுமை.

பண்பாட்டு ஆய்வாளர் தொ. பரமசிவன் இந்தக் குறையைத்தான் ஆட்டத்தின் பொருளாகவே வாசித்தார். சமமாகத் தொடங்கி, ஒருவரிடம் எல்லாம் குவிந்து, இன்னொருவர் இழந்து நிற்பதில் தனிச்சொத்துடைமை பிறந்த கதையைக் கண்டார். அமெரிக்காவில் லிஸி மேகி என்ற பெண் 1904-ல் காப்புரிமை வாங்கிய 'நிலப்பிரபு விளையாட்டு' இதே பாடத்தைச் சொல்லத்தான் உருவானது. அதுவே பின்னால் 'மோனோபோலி' ஆகி, நிலம் குவிப்பதைக் கொண்டாடும் ஆட்டமாகத் தலைகீழானது. பண்ணையாள்களைக் காக்க 1952-ல் தஞ்சாவூருக்கென்றே தனிச்சட்டம் போட வேண்டியிருந்த மண் இது. 1968 டிசம்பர் 25-ல் கூலி உயர்வு கேட்ட குடும்பங்களின் 44 உயிர்களைக் கீழவெண்மணியில் தீக்குக் கொடுத்த மண். மூடிய குழி என்றால் என்ன என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

ஆனாலும் ஆட்டம் முழுக்க இரக்கமற்றது என்று சொல்லிவிட முடியாது. ஒரு குழிக்குக்கூடக் காய் போதாதவர், குழிக்கு ஒரு காயாக வைத்துத் தொடரலாம் என்று சில இடங்களில் வழக்கம் உண்டு. கஞ்சி காய்ச்சுவது என்பார்கள். அப்படி ஒற்றைக் காயிலிருந்து ஏறி ஆட்டத்தைத் திருப்பியவர்கள் இருக்கிறார்கள். பின்தங்கியவருக்கு ஒரு கை கொடுக்கும் இந்த விதியை ஓரத்து வழக்கமாக விடாமல், எல்லா ஊரிலும் கட்டாய விதியாக்கினால் ஆட்டத்தின் பெரிய நோய் பாதி தீரும்.

ஜெர்மானியர்கள் 2011 முதல் விவரமறிந்தவர்களுக்கென்று 'கென்னர்ஷ்பீல்' விருது தருகிறார்கள். அந்த நாற்காலி பல்லாங்குழிக்கு.

மார்க்: 10-க்கு 8.

பரிந்துரை 4: ஆடுபுலி ஆட்டம்

மூன்று புலி, 15 ஆடு, 23 புள்ளி. உச்சியில் ஒரு புள்ளி, நடுவில் மூன்று வரிசையில் ஆறாறு, அடியில் நான்கு. புலி உட்கார்ந்திருக்கும், ஆட்டுக்காரர் ஒவ்வோர் ஆடாக இறக்குவார். 15-ம் இறங்கிய பிறகுதான் ஆடு நகரலாம். புலி நேர்கோட்டில் ஆட்டைத் தாண்டி, அடுத்த புள்ளி காலியாக இருந்தால் ஆட்டைத் தின்னும். ஆடுகள் புலிகளை நகர முடியாமல் அடைத்தால் ஆட்டுக்காரருக்கு வெற்றி. விதி இவ்வளவுதான்.

இரண்டு பக்கமும் ஒரே படை, ஒரே பலம் என்பது சதுரங்க மரபு. இங்கே இரண்டு பேர் ஒரே பலகையில் வெவ்வேறு ஆட்டம் ஆடுகிறார்கள். புலிக்காரருக்கு வேண்டியது திறந்த வெளி. ஆட்டுக்காரருக்கு வேண்டியது நெருக்கம். ஒருவர் வேட்டையாடுகிறார், இன்னொருவர் வேலி கட்டுகிறார். 2018-ல் வந்த 'ரூட்' என்ற அமெரிக்க விளையாட்டை, ஒவ்வோர் அணிக்கும் தனித்தனி விதி வைத்ததற்காக உலகமே தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது. அதைச் சொல்லிக்கொடுக்கவே ஒரு மத்தியானம் போய்விடும். நம் ஆட்டத்தைக் காப்பி ஆறுவதற்குள் சொல்லிக்கொடுத்துவிடலாம்.

புதிதாக ஆடுகிறவர் ஆட்டுப் பக்கம் உட்கார்ந்தால் வரிசையாகப் பறிகொடுப்பார். ஒவ்வோர் ஆட்டுக்கும் பின்னால் காலிப் புள்ளி விடாமல் இறக்க வேண்டும் என்ற சூட்சுமம் பிடிபட்டதும் ஆட்டம் தலைகீழாக மாறும். எப்போது ஓர் ஆட்டைத் தெரிந்தே பலிகொடுத்துப் புலியை மூலைக்கு இழுப்பது என்பது அடுத்த படி. வேடிக்கை பார்ப்பவர்களும் சும்மா இருக்க மாட்டார்கள். "மாமா, அந்த ஆட்டை எடுக்காதீங்க, பின்னாடி காலி!" என்று ஒரு குரல் வரும். ஆட்டுப் பக்கம் எப்போதும் ஒரு கூட்டமாகிவிடும். புலி பெரும்பாலும் தனியாள்தான். அணிசேர்ந்து ஆடுவதை விதியில் எழுதாமலேயே இந்தப் பலகை வரவழைத்துவிடுகிறது.

நேபாளத்தின் பாக் சால் இதற்கு உறவு. அங்கே 25 புள்ளிச் சதுரத்தில் நான்கு புலியும் 20 ஆடும். அழகான ஆட்டம்தான். ஆனால் முக்கோண உச்சியால் நம் பலகையில் எல்லாப் புள்ளிக்கும் ஒரே மதிப்பு இல்லை. அடிவரிசைப் புள்ளியும் நடுப்புள்ளியும் வேறு வேறு நிலம். என் ஓட்டு முக்கோணத்துக்கு.

குறையும் சொல்லியாக வேண்டும். இரண்டு பக்கமும் தேர்ந்தவர்களாக இருந்தால் ஆட்டுப் பக்கம் பாதுகாப்பாகவே ஆடி, புலியை மெல்ல மெல்ல மூச்சு முட்ட வைக்கும், ஆட்டம் இழுக்கும். எத்தனை ஆடு போனால் புலிக்கு வெற்றி என்பதிலும் ஊருக்கு ஊர் வேறுபாடு. தீர்வு சுலபம். பக்கம் மாற்றி இரண்டு ஆட்டம். புலியாக இருந்தபோது யார் அதிக ஆடு தின்றாரோ அவர் வெற்றி. பாதுகாப்பாக இழுத்தடிப்பவரும் மறு ஆட்டத்தில் பசியோடு பாய்ந்தாக வேண்டும்.

தமிழகத்தின் பழைய கோயில் மண்டபத் தரைகளில் இந்தக் கோடுகள் செதுக்கியிருப்பதைக் காட்டி, ஆயிரம் வருட ஆட்டம் என்பார்கள். கோயிலின் வயது கோட்டின் வயது ஆகாது. தரையில் யார் எப்போது வேண்டுமானாலும் கோடு போட்டிருக்கலாம். ஆயிரம் வருடம் என்றாலும் நூறு வருடம் என்றாலும் என் மார்க் மாறாது. இந்தப் பலகை இன்றைக்குப் போட்டாலும் ஜெயிக்கும்.

மார்க்: 10-க்கு 9. சிவப்புக் காய் புலிக்கு.

எங்கே கோட்டை விடுகிறோம்?

நான்கு பேருக்கும் பொதுவாக ஒரு கேள்வியில் மார்க் குறைகிறது: விதிகள் தெளிவா? தாயத்தில் எத்தனை வெட்டு, பல்லாங்குழியில் எந்தப் பக்கம் சுற்று, புலிக்கு எத்தனை ஆடு என்று கும்பகோணத்தில் ஒன்று, மன்னார்குடியில் ஒன்று. வித்தியாசம் இருப்பது அழகுதான். ஆனால் எந்த வித்தியாசம் ஆட்டத்தை மேம்படுத்துகிறது, எது கெடுக்கிறது என்று உட்கார்ந்து ஆடிப்பார்த்து எழுதியவர்கள் குறைவு. தேவநேயப் பாவாணர் தமிழ்நாட்டு விளையாட்டுகளைத் தொகுத்து எழுதினார். சென்னையின் 'கிரீடா' நிறுவனம் 2002 முதல் பழைய ஆட்டங்களை விதிப் புத்தகத்தோடு டப்பாவில் போட்டு விற்கிறது. தொகுத்தாயிற்று, விற்பனைக்கும் வந்தாயிற்று. இரண்டுக்கும் நடுவே வர வேண்டிய விமர்சகரைத்தான் காணோம்.

இன்னொரு குறை, புது வரவு இல்லாதது. மைசூரு மன்னர் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் (1794–1868) பழைய ஆட்டங்களைப் போற்றியதோடு நிற்கவில்லை. தானே புதிது புதிதாக உருவாக்கினார். அவருடைய 'ஸ்ரீதத்துவநிதி' நூலில் விளையாட்டுக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. வீணைக்கும் ஓவியத்துக்கும் பொம்மைக்கும் பேர்பெற்ற தஞ்சாவூரில் அப்படி ஒரு முயற்சி ஏன் கூடாது? மாவட்டந்தோறும் புத்தகத் திருவிழா நடக்கிறது. அங்கே இரண்டு மேசை போட்டு, புதிதாகத் தமிழில் உருவான விளையாட்டுகளை ஆட விட்டு, விற்பவர் அல்லாத ஐந்து பேரை நடுவராக உட்கார வைத்தால் ஒரு விருது தயார். பணம் தேவையில்லை என்பதை ஜெர்மானியர்கள் காட்டிவிட்டார்கள்.

எழுதப்படாத ஐந்தாவது பரிந்துரை

ஜெர்மன் விருதை 2023-ல் 'டோர்ஃப்ரொமான்டிக்', 2024-ல் 'ஸ்கை டீம்', 2025-ல் 'பாம் பஸ்டர்ஸ்' வாங்கின. மூன்றும் கூட்டாக ஆடி, எல்லோரும் சேர்ந்து ஜெயிக்கிற அல்லது தோற்கிற ஆட்டங்கள். அந்த வகையில் எழுதப்பட்ட விதியோடு நம் நால்வர் பட்டியலில் ஒன்றுகூட இல்லை. ஆனால் அதற்கான கரு இந்த மண்ணைவிடப் பொருத்தமாக வேறெங்கே கிடைக்கும்?

கற்பனை செய்யுங்கள். பலகையின் மேற்கு ஓரத்தில் மேட்டூர்: 120 அடி உயரம், 93.47 டி.எம்.சி. கொள்ளளவு. வருடா வருடம் எவ்வளவு நிரம்பும் என்பதைச் சீட்டு தீர்மானிக்கும். கல்லணையில் தண்ணீர் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரியும், மிஞ்சினால் கொள்ளிடம். ஒவ்வோர் ஆற்றுக்கும் ஓர் ஆட்டக்காரர். தண்ணீர் தட்டுப்பாடான வருடத்தில் முறை வைத்துத் திறக்க வேண்டும். யார் முறை முதலில், எத்தனை நாள், என் குறுவையை விட்டுக் கொடுத்தால் உன் சம்பா பிழைக்குமா என்று பேசித்தான் தீர்க்க வேண்டும். நடுவில் எத்தனை வயல் பச்சையாக இருந்தாலும், கடைமடைக் கட்டத்துக்குத் தண்ணீர் போய்ச் சேராவிட்டால் மேசையில் உள்ள அத்தனை பேரும் தோற்றதாகக் கணக்கு. பேச்சு, கணக்கு, பயம், விட்டுக்கொடுத்தல் எல்லாம் உள்ளே தயாராக இருக்கின்றன. விதி எழுத ஓர் ஆள்தான் பாக்கி.

அப்படி ஒன்று வந்தால் அதற்கும் இதே நான்கு கேள்விகள்தான். டெல்டாக்காரர் செய்தது என்பதற்காக அரை மார்க்கூடக் கூட்டிப் போட மாட்டேன்.